10 லிட்டர் பிசி பெட்டி, 7800எக்ஸ்3டி சிப், ஏர் கூலர்: மே மாசத்துல 89 டிகிரி தொடுது, என்ன பண்ணலாம்?

வேளச்சேரி_கேமர் | மே 10, இரவு 11:20

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா இழை தொடங்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போன நவம்பர்ல, ஒரு வருஷம் காசு சேத்து ஒரு சின்ன பிசி போட்டேன். வீடு சின்னது, பெரிய டவர் வைக்க இடம் கிடையாது, அம்மாவும் "ஃப்ரிட்ஜ் சைஸுக்கு ஒண்ண கொண்டு வந்து நடு வீட்ல வைக்காத"ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அதனால ஹால்ல டிவி ஸ்டாண்டுக்குள்ள போற மாதிரி ஃப்ராக்டல் டெரா எடுத்தேன், 10.4 லிட்டர் பெட்டி. உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி (அதான் சிபியு சிப்), ரெண்டு ஸ்லாட் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, சிப் மேல உக்கார்ற தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67 ஏர் கூலர், 32 ஜிபி உயரம் கம்மியான ரேம், எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. நானே மாட்ட பயந்துட்டு கடையிலயே மாட்டி வாங்கிட்டேன்.

மார்கழி, தை எல்லாம் அருமையா ஓடிச்சு. கேம்ல சிப் சூடு 73, 74 தான். ஏப்ரல்ல 84 ஆச்சு. இப்ப இந்த ஒரு வாரமா சாயங்காலம் ஏழு மணிக்கு உக்காந்தா பத்து நிமிஷத்துல 89 போய் நிக்குது, அதுக்கு மேல ஏறல, ஆனா ஃபேன் சத்தம் மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு, பாட்டி டிவி சவுண்ட கூட்டுறாங்க. ரூம் சூடு 34. ஏசி பெட்ரூம்ல மட்டும்தான்.

இந்த சைஸ் பெட்டியில ஏர் கூலர் போட்டதே தப்பா? வித்துட்டு பெரிய கேஸ், லிக்விட் கூலர்னு போயிடவா? இல்ல இதையே காப்பாத்த வழி இருக்கா? நெஜமா மனசு கஷ்டமா இருக்கு, ஆசையா போட்ட பிசி.

---

ஸ்பீட்_பிஸ்டன் | மே 10, இரவு 11:41

ப்ரோ நேரா சொல்றேன், சென்னை வெயிலுக்கு இவ்ளோ சின்ன கேஸ்ல ஏர் கூலர் செட் ஆகாது. 360 மில்லி ரேடியேட்டர் வெச்ச லிக்விட் கூலர் போடுற மாதிரி ஒரு கேஸ் மாத்திடுங்க. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், 70 தாண்டினதே இல்ல.

---

ஈரோட்டுக்காரன் | மே 11, காலை 6:15

89ங்கறது அந்த சிப்புக்கு அத பண்ற கம்பெனி ஏஎம்டி வெச்சிருக்கற உச்ச வரம்பு. அதத் தொட்டா அதுவே வேகத்த கொஞ்சம் கொறச்சு தன்ன காப்பாத்திக்கும், வெந்து போகாது, பயப்படாதீங்க. ஆனா ஆறு மாசத்துல 15 டிகிரி ஏறிருக்குன்னா வெயில் மட்டும் காரணம் இல்லன்னு தோணுது. நவம்பர்ல ரூம் எவ்ளோ இருந்துச்சு? தூசி பாத்தீங்களா?

---

வேளச்சேரி_கேமர் | மே 11, காலை 8:02

நன்றிண்ணா. நவம்பர்ல ரூம் 27, 28 இருந்திருக்கும். தூசி லேசாதான் இருந்துச்சு, போன வாரம் ப்ளோயர் வெச்சு ஊதினேன், ஒரு டிகிரி கூட மாறல.

---

சின்னபெட்டி | மே 11, காலை 9:30

தம்பி, எதையும் விக்காத. நான் ஒன்பது வருஷமா சின்ன கேஸ்லதான் பிசி போடறேன், அதுவும் ஏர் கூலர் மட்டும்தான். பொறுமையா படி.

முதல்ல ஒரு கணக்கு. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, ரூம் காத்த விட கீழ எதுவும் சிப்ப கொண்டு போகாது. கூலரோட வேலை, உள்ள வர்ற காத்துக்கு மேல எத்தன டிகிரியில சிப்ப நிறுத்துதுங்கறதுதான். உனக்கு நவம்பர்ல ரூம் 28, சிப் 74, அப்ப வித்தியாசம் 46. அதே 46ஐ இப்ப இருக்கற 34 மேல வெச்சா 80 வரணும். உனக்கு 89ல போய் முட்டிக்கிட்டு நிக்குது, முட்டலன்னா இன்னும் மேல போயிருக்கும். ஆக ஒன்பது டிகிரிக்கு மேல எங்கயோ கணக்குல வராம போகுது. அத கண்டுபிடிக்கறதுதான் இப்ப வேலை. யூட்யூப்ல டெஸ்ட் பண்றவங்க பாதி பேரு 21லேருந்து 25 டிகிரி ரூம்ல பண்றாங்க, அத பாத்துட்டு நம்ம ஊர் மே மாசத்துல உக்காந்து கவலைப்படக்கூடாது. 2003 மே கடைசியில நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு, அப்படி ஒரு நாள்ல எந்த கூலரும் அந்த 45க்கு மேலதான் நிக்கும்.

ரெண்டாவது, இந்த சிப் எதுக்கு சூடா தெரியுதுன்னு புரிஞ்சுக்கோ. கேம்ல அது இழுக்கறது 60, 70 வாட்தான், பெரிய கூலர் தேவைப்படற கரண்டே இல்ல. ஆனா எட்டு கோரும் (கணக்கு போடற பகுதிங்க) உக்காந்திருக்கற அந்த சிலிக்கான் துண்டு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், சுண்டு விரல் நகம் அளவு. அதுக்கு மேல 3டி கேஷ்னு வேகமான மெமரி ஒரு அடுக்கு, அதுக்கும் மேல தடிமனான செம்பு மூடி. பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த கூலர் எல்லாம் பொருந்தணும்னு இந்த சிப் உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்டுல அந்த மூடிய தடிமனா வெச்சாங்க. சூடு வெளிய வர்ற வழியே குறுகல். அதனாலதான் 360 ரேடியேட்டர் போட்டாலும் நீ நெனைக்கற அளவுக்கு கொறையாது. இதுக்கு அடுத்து வந்த 9800எக்ஸ்3டி சிப்ல கேஷ கோருக்கு அடியில மாத்திட்டாங்க, அதுல சூடு மூடிக்கு சுலபமா போகுது, ஆனா அது கரண்ட் அதிகம் இழுக்கும்.

மூணாவது கேள்விதான் முக்கியம். டிவி ஸ்டாண்டுக்குள்ளன்னு சொன்னியே, அந்த ஸ்டாண்ட் எப்படி இருக்கு? பின்னாடி திறப்பா, அடைப்பா? பெட்டிக்கு மேல எவ்ளோ இடம்?

---

வேளச்சேரி_கேமர் | மே 11, காலை 9:58

அண்ணா, பின்னாடி ப்ளைவுட் அடிச்சிருக்கு, ஒயர் போக ஒரு ஓட்டை மட்டும். மேல நாலு இன்ச் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இருக்கு. முன்னாடி கதவு கிடையாது, திறந்துதான் இருக்கு, அதனால பிரச்சினை இல்லன்னு நெனச்சேன்.

---

சின்னபெட்டி | மே 11, காலை 10:20

அங்கதான் பிரச்சினை. நெருப்ப அங்கயே வெச்சுக்கிட்டு புகைய தேடற கதை.

ஒரு கன மீட்டர் காத்த ஒரு டிகிரி சூடாக்க சுமாரா 1200 ஜூல் போதும். உன் பிசி கேம்ல மொத்தம் 300 வாட் வெளிய தள்ளுதுன்னு வை. நிமிஷத்துக்கு ஒரு கன மீட்டர் காத்து உள்ள போய் வெளிய வந்தா, அந்த காத்து 15 டிகிரி சூடாகி வெளிய வரும். அந்த சூடான காத்து ஹாலுக்கு போனா ஒண்ணும் இல்ல. பலகையில முட்டி திரும்ப அதே பெட்டிக்குள்ள போனா, 15 மேல இன்னொரு 15ன்னு ஏறிக்கிட்டே போகும்.

ரெண்டு வேலை பண்ணு. மீன் தொட்டிக்கு வைக்கற ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குல்ல, கலர் மீன் கடையில கெடைக்கும், அத வாங்கி அந்த முனைய பெட்டியோட சிபியு பக்க பேனல் மேல, காத்து உள்ள போற எடத்துல டேப் போட்டு ஒட்டு. அப்பறம் கேம் ஓடும்போது ஒரு ஊதுபத்திய கொளுத்தி பெட்டிய சுத்தி மெதுவா காட்டு. புகை எங்க இழுக்குது, எங்க தள்ளுதுன்னு பாத்து எழுது. சாம்பல் கீழ விழாம பாத்துக்கோ, ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

---

ஸ்பீட்_பிஸ்டன் | மே 11, காலை 11:05

இவ்ளோ பாடு படறதுக்கு ஏஐஓ (ரெடிமேட் லிக்விட் கூலர்) போட்டா முடிஞ்சு போச்சே. ஊதுபத்தி எல்லாம் எதுக்கு.

---

மதுரை_மல்லி | மே 11, மதியம் 12:40

அந்த 300 வாட்டும் ஏஐஓ போட்டா எங்க போகுங்க? அதே ஹாலுக்குள்ளதான். சும்மா உக்காந்திருக்கற ஆளு ஒருத்தர் உடம்புலேருந்து சுமாரா 100 வாட் சூடு வருது, அப்படின்னா மூணு பேர் கூடுதலா ரூம்ல உக்காந்திருக்கற மாதிரி. ஸ்டாண்டுக்குள்ள மாட்டிக்கிட்ட சூடு ஏஐஓ ரேடியேட்டருக்கும் அதே சூடுதான்.

நானும் ஏஐஓ வெச்சிருந்தவதான். மூணாவது வருஷம் ஒரு ராத்திரி பம்பு நின்னு போச்சு, அடுத்த நிமிஷமே மெஷின் ஆஃப் ஆயிடுச்சு, காலையில கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் பாதியில நின்னுச்சு. ஏர் கூலர்ல ஃபேன் போனா ஒரு ஃபேன் வாங்கி மாட்டிட்டு போயிடலாம். அதுக்காக ஏஐஓ மோசம்னு சொல்ல வரல, ஒவ்வொருத்தர் தேவை வேற. ஆனா இருக்கறது எதனால சூடாகுதுன்னு பாக்காம புதுசா வாங்கச் சொல்றது சரியில்ல.

---

வேளச்சேரி_கேமர் | மே 11, இரவு 9:47

அண்ணா, அக்கா, எல்லாரும் இத படிங்க. எனக்கு கை நடுங்குது.

தெர்மாமீட்டர் 180 ரூபாய்க்கு கெடச்சுது. ஹால்ல சுவர்ல இருக்கறது 34 காட்டுது. பெட்டி பேனல் மேல ஒட்டினது, கேம் தொடங்கும்போது 35, அஞ்சு நிமிஷத்துல 39, இருபது நிமிஷத்துல 43! அதாவது என் கூலர் 34 டிகிரி காத்த குடிக்கவே இல்ல, 43 டிகிரி காத்த குடிச்சிட்டு இருந்திருக்கு.

ஊதுபத்தி காட்டினது இன்னும் தெளிவா இருந்துச்சு. பேனல் பக்கத்துல வெச்சா புகை நேரா கோடு போட்ட மாதிரி உள்ள போகுது. பெட்டிக்கு மேல வெச்சா புகை சட்டுனு மேல ஏறி அந்த பலகையில முட்டி பாய் விரிச்ச மாதிரி பரவுது, முன்னாடி கொஞ்சம் வெளிய போகுது, மீதி சைடுல சுருண்டு இறங்கி திரும்ப பேனலுக்குள்ளயே போகுது. கண்ணு முன்னாடி பாத்தேன். அம்மா "பிசிக்கு பூசை பண்றியா"ன்னு கேட்டாங்க.

உடனே வெளிய எடுத்து ஸ்டாண்டுக்கு பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல வெச்சேன். அதே கேம், அதே இடம், அரை மணி நேரம். 81. அங்கயே எட்டு டிகிரி போச்சு!

---

சின்னபெட்டி | மே 11, இரவு 10:10

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா இப்ப பாரு, ரூம் 34, சிப் 81, வித்தியாசம் 47. ஸ்டாண்டுக்குள்ள இருந்த நவம்பர் கணக்கே 46. அப்பவும் உள்ள காத்து கொஞ்சம் சூடாதான் இருந்திருக்கும், ஃபேனும் இவ்ளோ வேகமா சுத்தியிருக்காது. அதனால வெளிய எடுத்த பிறகு 47 வர்றது எனக்கு அதிகமா படுது. 67 மில்லி உயர கூலருக்கு 70 வாட்ல இன்னும் நல்லா வரணும். ஞாயித்துக்கிழமை பெட்டிய திறக்க தைரியம் இருக்கா?

---

வேளச்சேரி_கேமர் | மே 11, இரவு 10:14

நீங்க கூட இருந்தா திறக்கறேண்ணா.

---

கோவை_எடிட்டர் | மே 12, காலை 7:50

வணக்கமுங்க. நான் கேமர் இல்லீங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவன். என்கிட்ட ரைசன் 9 7950எக்ஸ் சிப், கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேஸ்ல, 18 லிட்டர், 155 மில்லி உயரத்துல பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ ஏர் கூலர் நிக்குதுங்க. அந்த சிப் அப்படியே விட்டா 230 வாட் வரைக்கும் இழுக்கும், 95 டிகிரிய தொட்டுட்டு அங்கயே உக்காந்துக்கும், அது அதோட டிசைனே அப்படித்தானுங்க. நான் பயோஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) வாட்ட கொறைக்கற ஈகோ மோட்ல 105ங்கற நிலைய வெச்சேன், அதுல சிப் இழுக்கற உச்சம் 142 வாட். பதினோரு நிமிஷம் ஓடின எக்ஸ்போர்ட் பன்னெண்டு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மியா முடியுது. சூடு 78. ஒரு நிமிஷத்துக்காக 90 வாட் எரிக்கணுமான்னு யோசிச்சு பாத்தேனுங்க, மனசு வரல. கரண்ட் பில்லும் பாக்கோணுமில்ல.

தம்பி சிப்புக்கு ஈகோ மோட் அவ்வளவா தேவைப்படாது, ஆனா கர்வ் ஆப்டிமைசர் (சிப்புக்கு போற வோல்டேஜ கொறைக்கற செட்டிங்) கண்டிப்பா போடுங்க.

---

சின்னபெட்டி | மே 12, காலை 8:30

கோவை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. பெரிய கூலர் வைக்க இடம் இல்லாதவனுக்கு வாட்ட கொறைக்கறதுதான் பெரிய கூலர்.

தம்பி, திறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணு, பிளக்க உருவு. சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்ட கடத்தற பேஸ்ட் இளகியிருக்கும். கூலர் ஸ்க்ரூவ ஒண்ண முழுசா கழட்டிட்டு அடுத்ததுக்கு போகாத, மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா கழட்டு. லேசா இடம் வலம் திருப்பிட்டு தூக்கு. ஏஎம்4 மாதிரி சிப் கூலரோட ஒட்டிக்கிட்டு பிடுங்கிட்டு வராது, ஏஎம்5ல சாக்கெட்டு மேல இரும்பு சட்டம் பிடிச்சிருக்கும், அந்த பயம் வேண்டாம்.

தூக்கினதும் துடைக்காத. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து போடு. பேஸ்ட் பதிஞ்ச தடம் எல்லாத்தையும் சொல்லிடும்.

இன்னொன்னு. டெரால நடு தட்டு நகரும். சிபியு கூலருக்கு 48லேருந்து 77 மில்லி வரைக்கும் இடம் விடலாம், ஒரு பக்கம் கூட்டினா கிராபிக்ஸ் கார்டு பக்கம் அவ்ளோ கொறையும். உன் கார்டு ரெண்டு ஸ்லாட்டுதானே, 40 மில்லி இருக்குமா? கடையில எந்த பொசிஷன்ல வெச்சிருக்காங்கன்னு பாரு.

---

வேளச்சேரி_கேமர் | மே 18, மாலை 4:35

திறந்துட்டேன். நாலு மணி நேரம் ஆச்சு.

போட்டோ கீழ. எழுத்துலயும் சொல்றேன். மூடி மேல இடது பக்கம் பேஸ்ட் நல்லா மெல்லிசா பரவி உலோகம் தெரியற அளவுக்கு இருக்கு. வலது ஓரத்துல, ரேம் பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு பேஸ்ட் அப்படியே தடியா, சப்பாத்தி மாவுல கட்டி நின்ன மாதிரி நிக்குது, மேல கூலர் அமுத்தின தடமே இல்ல. அந்த பக்க ஸ்க்ரூ கையில சுத்தற அளவுக்கு லூசா இருந்துச்சு. மாட்டினவங்க ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு இன்னொரு பக்கம் விட்டிருக்காங்க போல. ஆறு மாசமா இப்படியே ஓடியிருக்குன்னு நெனச்சா வயிறு எரியுது.

நடு தட்ட கடைசி வரைக்கும் தள்ளாம விட்டிருக்காங்க. கூலர் ஃபேனுக்கும் பேனலுக்கும் நடுவுல விரல் நுழையல, நாலு மில்லிகூட இல்ல. கார்டு 40 மில்லிதான், ஸ்கேல் வெச்சு அளந்தேன்.

---

சின்னபெட்டி | மே 18, மாலை 5:10

பாத்தியா! மூடி மேல பேஸ்ட் தடியா நின்னா அது போர்வை போத்தின மாதிரி. ஏஎம்5ல கோர் இருக்கற துண்டு மூடிக்கு நட்ட நடுவுல இருக்காது, ஒரு ஓரமா தள்ளி இருக்கும். அதனால ஒரு பக்கம் அமுக்கம் கொறஞ்சாலும் நல்லா அடி வாங்கும். நாக்டுவா மாதிரி கம்பெனிங்க கூலரையே 7 மில்லி தள்ளி மாட்டற பட்டை தனியா குடுக்கறாங்க, அதுக்கு ஒண்ணுலேருந்து மூணு டிகிரி கெடைக்கும்னு அவங்களே சொல்றாங்க.

கடைக்காரங்க மேல கோவப்படு, தப்பில்ல, ஆனா இனிமே நீயே மாட்டிடுவ.

இப்ப சுத்தமா துடைச்சு புதுசா போடு. பேஸ்ட்டுக்கு பதிலா பிடிஎம்7950ங்கற ஷீட் கெடச்சா அதையே போடு, பேஸ்ட் மாதிரி நாளாக நாளாக பிதுங்கி ஓரத்துக்கு போகாது, 45 டிகிரில இளகி தானா பரவும். ஷீட்ட ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வெச்சுட்டு உரி, இல்லன்னா பிளாஸ்டிக்கோட சேந்து கிழியும். கெடைக்கலன்னா எம்எக்ஸ்-6, எம்எக்ஸ்-4 பேஸ்ட் எதுவும் பரவால்ல. ஸ்க்ரூவ அந்தப் பக்கம் ரெண்டு சுத்து, இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அப்படியே முடி.

நடு தட்ட 77 பொசிஷனுக்கு தள்ளு. அப்ப கூலருக்கு மேல பத்து மில்லி கெடைக்கும். அந்த பத்து மில்லிய வெறுமனே விடாத. அத அடைக்காம விட்டா ஃபேன் பேனலுக்கு வெளிய இருக்கற நல்ல காத்த பாதிதான் இழுக்கும், மீதி பெட்டிக்குள்ள சுத்தற சூடு காத்தையே சைடுலேருந்து இழுத்துக்கும். ஈவிஏ ஃபோம் ஷீட் வாங்கி ஃபேன் சைஸுக்கு ஒரு வளையம் வெட்டி நடுவுல வை. அது ஒரு குழாய் மாதிரி, வெளி காத்து மட்டும்தான் உள்ள வரும்.

---

மதுரை_மல்லி | மே 18, மாலை 6:25

ஃபேன திருப்பி மாட்டி வெளிய தள்ற மாதிரி வெச்சு பாக்கலாமான்னு கேப்பீங்க, அதனால நானே சொல்லிடறேன். என்னோடதும் இதே மாதிரி கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம்னு இருக்கற கேஸ்தான். ரெண்டு மாதிரியும் ஒரு வாரம் ஓட்டி பாத்தேன். வெளிய தள்ற மாதிரி வெச்சா சிபியு மூணு டிகிரி ஏறுச்சு, கார்டு நாலு டிகிரி இறங்குச்சு, ரேம் சூடும் ஏறுச்சு. எனக்கு கார்டுதான் பிரச்சினையா இருந்துச்சு, அதனால அப்படியே விட்டுட்டேன்.

---

சின்னபெட்டி | மே 18, மாலை 6:50

எனக்கு இதுல மாற்றுக்கருத்து இருக்குங்க. மேலேருந்து கீழ ஊதற கூலர்ல அந்த காத்துதான் போர்டு மேல இருக்கற விஆர்எம் (சிப்புக்கு கரண்ட் குடுக்கற பகுதி), ரேம், எஸ்எஸ்டி எல்லாத்தையும் தடவிட்டு போகுது. திருப்பினா அதுங்களோட சூட்ட எல்லாம் உறிஞ்சி கூலர் வழியா அனுப்பறோம். ஆனா நீங்க அளந்து பாத்து வெச்சிருக்கீங்க, கார்டு பெருசுன்னா அது ஞாயம்தான். தம்பிக்கு கார்டு இப்ப எவ்ளோ?

---

வேளச்சேரி_கேமர் | மே 18, இரவு 10:55

கார்டு 71 இருந்துச்சு, தட்ட நகத்தினதுல 73 ஆயிருக்கு, மூணு மில்லிதான் அதுக்கு இடம். அது பரவால்ல.

சிபியு சொல்றேன். ரூம் இன்னிக்கும் 34. பிடிஎம்7950 ஊர்ல தேடினேன் கெடைக்கல, எம்எக்ஸ்-4 போட்டேன். ரெண்டு பக்கமும் சமமா முறுக்கினேன். வளையம் இல்லாம 76. ஃபோம் வளையம் வெச்சதும் 73!! அத விட சத்தம்தான் பெரிய விஷயம். முன்ன ஃபேன் நிமிஷத்துக்கு 1800 சுத்து சுத்திச்சு, இப்ப 1350, அந்த 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல் வரும்ல அது சுத்தமா இல்ல. பாட்டி ரிமோட்ட எடுத்து சவுண்ட கொறச்சாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

---

ஈரோட்டுக்காரன் | மே 19, காலை 6:05

வாழ்த்துக்கள் தம்பி! இப்ப பயோஸ் வேலை. பிபிஓங்கற மெனுல கர்வ் ஆப்டிமைசர், எல்லா கோருக்கும் நெகட்டிவ், முதல்ல 15 வை. எல்லாரும் 30 போடுன்னு சொல்லுவாங்க, சில சிப் தாங்கும், சில சிப் தாங்காது. தாங்காத சிப் கேம்ல விழாம இருந்துட்டு, சும்மா இருக்கும்போது விழலாம், அதான் ஆபத்து. கோர்சைக்லர்னு ஒரு டூல் இருக்கு, ராத்திரி பூரா ஓட விடு, ஒவ்வொரு கோரா பாத்துக்கும்.

எஸ்ஓசி வோல்டேஜையும் (சிப்ல மெமரி கண்ட்ரோலர் இருக்கற பகுதிக்கு போறது) பாரு. ரேம முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்போ செட்டிங்க ஆன் பண்ணினா சில போர்டு அத 1.25, 1.3ன்னு ஏத்தி வெச்சிடும். 2023ல சில 7800எக்ஸ்3டி எரிஞ்சு போன விவகாரத்துக்கு அப்பறம்தான் 1.3க்கு மேல போகக்கூடாதுன்னு ஏஎம்டி பூட்டு போட்டாங்க. 6000 ரேமுக்கு 1.2 இல்ல அதுக்கும் கீழயே பெரும்பாலும் போதும், சும்மா இருக்கும்போதே கொஞ்சம் வாட் மிச்சம்.

---

வேளச்சேரி_கேமர் | மே 24, இரவு 11:30

ஆசையில நேரா 30 போட்டேண்ணா, ரெண்டு நாள் கேம்ல ஒண்ணும் ஆகல, மூணாவது நாள் டெஸ்க்டாப்ல சும்மா இருக்கும்போது தானா ரீஸ்டார்ட் ஆச்சு. நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. 20 வெச்சு ராத்திரி பூரா கோர்சைக்லர் ஓட்டினேன், ஒரு எரர் இல்ல. எஸ்ஓசி 1.18. இப்ப கேம்ல 70, சினிபெஞ்ச் ஆர்23 டெஸ்ட் ஓட்டினா 79, ஸ்கோர் முன்ன விட கொஞ்சம் கூடதான் வருது.

---

வேலூர்_வெயில் | மே 25, மதியம் 2:15

நான் இந்த இழைய முதல்லேருந்து படிச்சிட்டு வர்றேன், ஒண்ணு யாரும் கேக்கல. தம்பி, உங்க டிவி எத்தன ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் காட்டும்? கேம்ல எத்தன எஃப்பிஎஸ் (செகண்டுக்கு பிசி வரையற ஃப்ரேம்) வருது?

எங்க ஊர்ல மதியம் ரூம் 38, 39 வரும், என்கிட்ட ஏசி இல்ல. நான் கத்துக்கிட்டது, ஸ்க்ரீன் காட்ட முடியாத ஃப்ரேம வரையறதுக்கு கரண்ட் எரிக்கறதுதான் வீண். 7800எக்ஸ்3டி மாதிரி சிப்ப அவுத்து விட்டா அது முடிஞ்ச வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்.

---

வேளச்சேரி_கேமர் | மே 25, மதியம் 3:40

டிவி 120 ஹெர்ட்ஸ். ஷூட்டர் கேம்ல 180, 190 வருது... லிமிட் எதுவும் வைக்கல. இதோ 116ல லிமிட் வெச்சு பாக்கறேன்.

(அரை மணி கழிச்சு) சிபியு 71 வாட்லேருந்து 55. கார்டு 205லேருந்து 150. சிபியு 64, கார்டு 66. ரூம் 35. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. நன்றிங்க, இத யாரும் சொல்லியிருக்கலன்னா எனக்கு தோணியே இருக்காது.

---

கோவை_எடிட்டர் | மே 25, மாலை 5:00

ஃபேன் கர்வையும் (எந்த சூட்டுக்கு எந்த வேகம்ங்கற செட்டிங்) ஒருக்கா பாருங்க தம்பி. ரைசன் ஒரு ஃபோல்டர் திறந்தாலே ரெண்டு செகண்டுக்கு பத்து டிகிரி எகிறும், ஃபேனும் கூடவே எகிறி எகிறி அடங்கும், காதுக்கு அதுதான் ரோதனைங்க. பயோஸ்லயே ஃபேன் ஏறறதுக்கு நாலஞ்சு செகண்ட் தாமதம் வைக்கலாமுங்க. 70 வரைக்கும் ஒரே வேகத்துல நேர் கோடா வெச்சுடுங்க, அதுக்கு மேல ஏறட்டும்.

---

ஸ்பீட்_பிஸ்டன் | மே 26, காலை 10:20

ப்ரோ, நான் முதல்ல சொன்னது அவசரப்பட்டு சொன்னதுதான். இந்த இழைய பாத்துட்டு என் கேஸையும் ஊதுபத்தி காட்டி பாத்தேன், மேல வெச்ச ரேடியேட்டர் காத்து பின்னாடி சுவர்ல முட்டி திரும்ப வருது. அரை அடி முன்னாடி இழுத்து வெச்சதுக்கு மூணு டிகிரி கொறஞ்சுது.

---

வேளச்சேரி_கேமர் | ஜூன் 7, இரவு 10:05

ரெண்டு வாரம் ஆச்சு, எழுதணும்னு நெனச்சேன். பிசி திரும்ப டிவி ஸ்டாண்டுக்குள்ள போகல. ஆசாரி ஒருத்தர கூப்பிட்டு ஸ்டாண்டுக்கு மேல டிவிக்கு பக்கத்துல ஒரு சின்ன பலகை அடிச்சேன், நாலு பக்கமும் திறப்பு, சுவர்லேருந்து ஒரு சாண் தள்ளி. அம்மா முதல்ல முகத்த சுளிச்சாங்க, இப்ப அவங்களே துணி வெச்சு மேல துடைக்கறாங்க. நேத்து அடிச்ச அனல்ல ரூம் 36, மூணு மணி நேரம் தொடர்ந்து ஆடினேன், சிபியு உச்சம் 67, மீன் தொட்டி தெர்மாமீட்டர் 37. அது அங்கயே ஒட்டியிருக்கு, எடுக்க மனசு வரல.

---

புது_பில்ட் | ஜூன் 8, காலை 11:12

அண்ணா அந்த ஃபோம் வளையம் அளவு சொல்ல முடியுமா? என்கிட்டயும் அதே கூலர், அதே கேஸ்.

---

வேளச்சேரி_கேமர் | ஜூன் 8, மதியம் 1:30

சொல்றேன் தம்பி. வெளி அளவு 120க்கு 120 மில்லி சதுரம், உள்ள 116 மில்லி வட்டம், காம்பஸ்ல வரைஞ்சுக்கோ. சதுரத்தோட ஓரத்துல ரெண்டு மில்லிதான் நிக்கும், கிழியும், அதனால ஒரே துண்டா வெட்ட கஷ்டமா இருந்தா நான் பண்ண மாதிரி வெளி அளவ 130 வெச்சுக்கோ, ஃபேன தாண்டி அஞ்சு மில்லி வெளிய நின்னாலும் பரவால்ல. தடிமன் 10 மில்லி ஷீட் கெடைக்கலன்னா 5 மில்லி ரெண்டு ஒட்டிக்கோ, ஸ்டேஷனரி கடையில ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு விக்கறது போதும். பழைய பிளேடு வேண்டாம், புது கட்டர் பிளேடு போடு, ஒரே இழுப்புல வெட்டாம மூணு நாலு தடவ மெதுவா இழு. ஒட்டறதுக்கு ரெண்டு பக்க டேப் பேனல் பக்கம் மட்டும் போடு, ஃபேன் பக்கம் போடாத, பேனல கழட்டும்போது ஃபேனையும் இழுத்துக்கிட்டு வரும். மாட்டிட்டு கையால ஃபேன ஒரு சுத்து சுத்தி பாரு, ஃபோம் எங்கயும் உரசக்கூடாது. அப்பறமா பவர் போடு.